காற்று ஆகாத கிருமி

செண்பகவல்லியின் வீங்கிய கழுத்திலிருந்து சீழைத் தொட்டெடுத்த பஞ்சுக்குச்சி, ஆய்வக மேசையில் கேட்பாரற்றுக் கிடந்தது. அதன் நுனியில் ஒரு கிருமி துடித்தது.

"குச்சியண்ணே, எனக்குக் காத்து ஆகாது. சீக்கிரம் ஒரு மூடின குப்பியில போடச் சொல்லுங்க."

"அந்தப் பொம்பளையைச் சோறு முழுங்க விடாமப் பண்ணினியே, செத்துத் தொலை!"

"என்னை வளர்த்துப் பார்க்கிறதுக்குள்ள நான் செத்தா, அவ கழுத்துக்குள்ள இருக்கிற என் கூட்டத்துக்கு எந்த மருந்து கேட்கும்னு எப்படித் தெரியும்?"

குச்சி மின்விசிறிப் பக்கம் நுனியைத் திருப்பிக்கொண்டது. கிருமி அடங்கிப்போனது.

மூன்றாம் நாள், 'கிருமி எதுவும் வளரவில்லை' என்று அறிக்கை போனது. டாக்டர் பழைய மருந்தையே தொடரச் சொன்னார்.

"ஒருத்தனைக் கொன்னுட்டேன்!" என்று குப்பைக்கூடையில் குச்சி பீற்றிக்கொண்டிருந்தது. மேல்மாடி வார்டில் செண்பகவல்லி காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள்.