தூண் ஓரத்து சீட்

"பெரியவரே, கையை எடுங்க. ஸ்பேனர் பட்டுடும்."

சீட் மாற்றுகிறவர் மூன்றாவது முறையாகச் சொல்லிவிட்டார். பெரியவர் அசைவதாக இல்லை. தூணையொட்டி இருந்த அந்தப் பழைய சீட்டை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

செய்தி போய், தியேட்டர் முதலாளியின் மகள் ஓடி வந்தாள். தியேட்டரைப் புதுப்பிப்பது அவள்தான்.

"என்ன ஆபரேட்டர் மாமா இது? ஹால் முழுக்க மாத்தியாச்சு. கடைசி சீட்டுக்கு வந்து மல்லுக்கு நிக்கறீங்க?"

"மத்ததை என்ன வேணா பண்ணிக்கோ பாப்பா. இது என் வீட்டுக்காரி சீட்டு."

பெரியவர் முப்பது வருஷம் மாடியில் புரொஜெக்டர் ரூமில் படம் ஓட்டியவர்.

"சரியான சினிமாப் பைத்தியம் அவ. நான் காலைக் காட்சி ஓட்டப் போனா, கடைசிக் காட்சி முடிஞ்சுதான் வீடு. எங்களுக்குள்ள பேசவே நேரம் கிடையாது. ஆனா சாயங்காலம் படம் பார்க்க மட்டும் டாண்ணு வந்துடுவா. எப்ப எட்டிப் பார்த்தாலும் இங்கேயேதான் இருப்பா. அம்பது நாள் ஓடினா அம்பது நாளும்!"

"அப்படியா?"

"கதை என்னடின்னு கேட்டா, 'ஓட்டுற உங்களுக்குத் தெரியாததா'ன்னு மழுப்பிடுவா. அதுக்கும் திட்டுவேன். அவ போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு. என் ரூமுக்கு வெளிப்பக்கம்தான் படி. நான் ஒருநாளும் கீழே உட்கார்ந்து பார்த்ததில்ல. அவ பார்த்த இடத்துலேருந்து ஒரே ஒரு படம் பார்த்துடணும் பாப்பா. ஏக்கமா இருக்கு."

முதலாளி மகள் தயங்கினாள்.

"வேற எந்த சீட் வேணாலும் கேளுங்க மாமா, உங்களுக்குன்னே ஒதுக்கிடறேன். இது வேண்டாம்."

"சும்மா கொடுத்தாக்கூட இதுல யாரும் உட்கார மாட்டாங்க பெரியவரே," என்றார் சீட்காரர்.

"ஏன்?"

"உட்கார்ந்துதான் பாருங்களேன்."

உட்கார்ந்தார். நேர் எதிரே தூண். இடப்பக்கம் சாய்ந்தார், வலப்பக்கம் சாய்ந்தார். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

"மேலேருந்து பார்த்தா தூண் பக்கவாட்டுல இருக்கிற மாதிரில்ல தெரிஞ்சுது... திரை துளிகூடத் தெரியலையே! ஹாலே காலியா கிடந்த நாள்லகூட இங்கதானே உட்கார்ந்திருந்தா?"

அந்த நேரம் பார்த்து, புது புரொஜெக்டரைச் சோதிக்க மேலே இருந்தவர்கள் விளக்குகளை அணைத்தார்கள். ஹால் மொத்தமும் இருண்டது. தூணில், 'வெளியே' என்ற பலகையின் சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. அதன் வெளிச்சம் அந்த ஒரு சீட்டில்தான் விழுந்தது.

"மாமா, இந்த இருட்டுல நீங்க ஒருத்தர்தான் தெரியறீங்க," என்றாள்.

பெரியவர் மெல்லத் திரும்பி, மேலே தன் பழைய ரூம் ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

"அவ படம் பார்க்க வரல பாப்பா. நான் எட்டிப் பார்க்கிறப்ப என் கண்ணுக்குத் தெரியணும்னு வந்திருக்கா!"