ஹாலில் ஆள் நடமாட்டம்

அலுவலகத்தில் இருந்த மருமகளின் போன் அலறியது. குடியிருப்போர் சங்கம் வீட்டுக்கு வீடு பொருத்திய பாதுகாப்புக் கருவி, "ஹாலில் ஆள் நடமாட்டம்" என்றது. மாமியார் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். உள்ளறையில் மாமனார் மட்டும்தான். அவள் உடனே வாசல் காவலரை அழைத்தாள்.

"அண்ணே, வீட்டுக்குள்ள எவனோ பூந்துட்டான்! மாமா தனியா இருக்காரு, ஓடுங்க!"

காவலர் போனை அணைக்காமலே ஓடினார். மூச்சிரைப்பும் கதவை இடிக்கும் சத்தமும் கேட்டன. பிறகு கதவு திறந்தது.

"மேடம்! திருடன் இல்ல, உங்க மாமா! சுவரைப் பிடிச்சு நடந்து வந்து கதவைத் திறந்துவிட்டாரு!"

எட்டு மாதமாகக் கட்டிலை விட்டு எழாதவர்! அவள் போட்ட சத்தத்தில் அலுவலகமே எழுந்து நின்றது.

மாமனார் போனை வாங்கிப் பேசினார்.

"அத்தைகிட்ட சொல்லிடாதம்மா. அவ வந்து மணி அடிச்சா நானே போய்த் திறக்கணும்."