எதிர்ச்சுற்று

"செம்பு வேணாம்ணே, வெள்ளிக் கம்பி சுத்திடுங்க. பாட்டு இன்னும் துல்லியமா கேக்கும்," என்கிறார் ரெக்கார்டு பிளேயரின் ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜைக் கொண்டுவந்தவர். மெக்கானிக் உருப்பெருக்கியில் குனிகிறார். ஊசிக்குப் பின்னால், கடுகளவுச் சட்டத்தில், முடியைவிட மெல்லிய செம்புக் கம்பி அறுந்து மினுங்குகிறது. சுற்று எதிர்த்திசையில் போகிறது. இந்தப் பட்டறையில் அப்படிச் சுற்றியது ஒருத்திதான், ஆறு மாதத்துக்கு முன் இறந்துபோன அவர் மனைவி. "பீச்சாங்கை! நீ சுத்தினத நீயேதான் பிரிக்கணும்," என்று அவளைச் சீண்டிக்கொண்டே இருப்பார். "பழைய கம்பி வேணுமா?" என்று வந்தவரிடம் கேட்கிறார். "அது எதுக்குண்ணே? குப்பையில போடுங்க." வலக்கை ஓடவில்லை. இடுக்கியை இடக்கைக்கு மாற்றி, ஒவ்வொரு சுற்றாகப் பிரிக்கிறார். மூச்சு பட்டாலே கம்பி பறந்துவிடும். அவர் மூச்சு விடவில்லை.