இடுப்புக் கயிறு

அப்பா சட்டையைக் கழற்றிவிட்டார்.

வேண்டாம் என்று அவள் காலையிலேயே சொல்லியிருந்தாள். கேட்கிற ஆளா அவர்? சட்டையை மடித்து வண்டியின் சீட்டில் வைத்தார். கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டி, முடிச்சை ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

பாதாளச் சாக்கடையின் மூடி திறந்து கிடந்தது. அதன் மேல் அவள் செய்த இயந்திரம் மூன்று கால்களை ஊன்றி நின்றது.

"ரெடியா இரு கோட்டய்யா," என்றார் மேஸ்திரி அப்பாவிடம். "பொம்மை மக்கர் பண்ணா நீதான் எறங்கணும்."

பொம்மையாம்.

சுருக்கென்றது அவளுக்கு. ஆனாலும் என்ன சொல்ல முடியும்? போன மாதம் அது மக்கர் பண்ணத்தானே செய்தது.

கம்பியில் தொங்கிக்கொண்டு உள்ளே போவது ஓர் இரும்புக் கை. அதன் விரல்களை மூடித் திறப்பது ஒரு சர்வோ மோட்டார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சொன்ன இடம் வரை திரும்பி, மறுபடி சொல்லும் வரை அங்கேயே நிற்க வேண்டும். அதன் வேலையே அவ்வளவுதான்.

போன மாதம் அது நிற்கவில்லை. பாதி வழியில் உள்ளே ஏதோ நறநறத்தது. விரல்கள் விரிந்தன. அள்ளிய அடைப்பு மொத்தமும் மீண்டும் தண்ணீரில் விழுந்தது.

அன்று அப்பா இறங்கினார்.

அவர் தலை மறைந்து, மறுபடி தெரிகிற வரை அவள் அந்தக் குழியின் ஓரத்தில் மண்டியிட்டுக் கிடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மோட்டாரைப் பிரித்தாள். மெட்டல் கியர் என்று மேலே பொன்னெழுத்தில் போட்டிருந்தது. உள்ளே பித்தளைப் பல்சக்கரங்களுக்கு நடுவே ஒன்றே ஒன்று பிளாஸ்டிக். அதன் பற்கள் மழுங்கி, வழுவழுவென்று இருந்தன.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அடுத்த முறை மோட்டார் வாங்கிய கடைக்கு ஸ்குரூடிரைவரோடு போனாள்.

"பிரிச்சுப் பாக்கக் கூடாதும்மா," என்றார் கடைக்காரர்.

"பாக்காம வாங்க மாட்டேன் சார்."

அவர் முறைத்தார். அவளும் முறைத்தாள். கடைசியில் அவர்தான் ஒன்றை மேசையில் தள்ளினார்.

அதிலும் ஒரு பிளாஸ்டிக் சக்கரம் ஒளிந்திருந்தது. இன்னொன்றில் சக்கரங்கள் எல்லாம் சரி, அச்சு ஆடியது. கடைக்காரருக்கே இப்போது ஆர்வம் வந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

பிறகு ஒன்று கிடைத்தது. எல்லாம் எஃகு. அச்சைத் தாங்க இரண்டு பக்கமும் பேரிங். தண்ணீர் புகாமல் சுற்றிலும் ரப்பர் வளையம். எவ்வளவு எடை இழுக்கும் என்று பெட்டியில் போட்டிருந்ததில் பாதியை மட்டும் நம்பினாள். அந்தப் பாதியே தாராளம்.

"காலேஜ் ப்ராஜெக்டாம்மா?"

"எங்க நைனாவுக்கு," என்றாள்.

குடியிருப்பின் மாடிப்படிக் கம்பியில் இரும்புக் கையைக் கட்டி, ஈர மணல் மூட்டை ஒன்றைப் பிடிக்கக் கொடுத்தாள். மூட்டை காலையிலிருந்து பொழுது சாயும் வரை தொங்கியது. மோட்டார் சூடானது. ஆனால் விடவில்லை.

அப்படியும் மூட்டைக்கு அடியில் ஒருவரும் நடக்கவில்லை. அப்பாவும் சுற்றிக்கொண்டுதான் போனார்.

இப்போது அவள் பொத்தானை அழுத்தினாள்.

கை இருட்டுக்குள் போனது. இயந்திரத்தின் கேமராத் திரையில் கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. விரல்கள் மூடின. சன்னமாக ஒரு முனகல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

கம்பி மேலே ஏறத் தொடங்கியது.

போன மாதம் நறநறத்த அதே இடம் வந்தது.

அப்பாவின் கை முடிச்சுக்குப் போனது.

ஒரு சத்தமும் இல்லை.

சேலைத் துணியும் பாலிதீனும் அறுந்த செருப்பும் ஒன்றாகத் திரண்ட ஒரு பெரிய உருண்டை வெளிச்சத்துக்கு வந்தது. கீழே சாக்கடை களகளவென்று ஓடியது. இரும்பு விரல்கள் இன்னும் இறுக்கமாக மூடியே இருந்தன. அவள் சொன்ன பிறகுதான் திறந்தன.

மேஸ்திரி குனிந்து உருண்டையைப் பார்த்தார். பொம்மை என்று மட்டும் மறுபடி சொல்லவில்லை.

வழக்கமாக மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடும் தெரு, இன்று செல்போனோடு வாசலில் நின்றது. மாடியிலிருந்து ஓர் அம்மாள் குனிந்து கேட்டார்.

"எந்தக் கம்பெனி மெஷினுங்க?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"எங்க வூட்டுக் கம்பெனி," என்றார். தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. திரையைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

நிமிர்ந்தபோது அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி கழுத்துப் பொத்தானையும் போட்டார்.

அடுத்த குழியின் மூடியைத் திறந்தார்கள். இயந்திரத்தை நகர்த்தி நிறுத்தினாள்.

அப்பா இடுப்புக் கயிற்றை அவிழ்த்தார். இரும்புக் கையின் வளையத்தில் அதைக் கோத்து, முடிச்சுப் போட்டு, ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

"அதுக்குத்தான் கம்பி இருக்கே நைனா."

"இருக்கட்டும்மா. எறங்குறவனுக்குக் கயிறு கட்டணும்."

மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். காலை அகட்டி வைத்து, மேலேயே நின்றார்.