ஐம்பதுக்குள் ஓர் இடம்

"வணக்கம், பல்கலைக்கழகத்துல இருந்து பேசறேன். நீங்க இப்போ வேலையில இருக்கீங்களா?"

மூன்று வாரமாக இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தொண்டை கட்டிக்கொண்டுவிட்டது. ஆனாலும் குரலில் ஒரு மிடுக்கு. இருக்காதா பின்னே? கேட்கிறவளுக்கு வேலை இருக்கிறதே!

போன வருடம் இதே பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தவள். "என்ன, இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்று கேட்கிறவர்களுக்குப் பயந்து பத்து மாதம் தெருவில் தலைகாட்டாமல் கிடந்தவள். மூன்று வாரத்துக்கு முன்னால் இந்த வேலை வந்ததும் வீட்டுக்கே உயிர் வந்தது. பஸ் ஓட்டும் அப்பா, தெரிந்த முகம் எது ஏறினாலும் "பொண்ணு யுனிவர்சிட்டில வேலை பாக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

வேலை இதுதான். தேசியத் தரவரிசையில் பல்கலைக்கழகம் நாற்பத்தாறாவது இடத்திலிருந்து எழுபத்தொன்றுக்குச் சறுக்கியிருந்தது. படித்து முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்குதான் காலை வாரிவிட்டதாம். அதனால் போன வருட மாணவர்களைக் கூப்பிட்டுக் கேட்டு, தாளில் 'ஆமாம்' அல்லது 'இல்லை' என்று எழுத வேண்டும்.

தேர்வுக் கூடத்தில் இருநூறு மேசை, இருநூறு பேர். போன் மட்டும் அவரவர் சொந்த போன். இருநூறு பேருமே போன வருடம் அங்கே படித்து முடித்தவர்கள்தான். பரவாயில்லையே, பெற்ற பிள்ளைகளைப்போல நம்மை மறக்காமல் கூப்பிட்டார்களே என்று அவள் நெகிழ்ந்துபோயிருந்தாள்.

கூடத்துக்குப் பொறுப்பான அதிகாரிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'சதவீதம்'. சாப்பிட்டாச்சா சார் என்று கேட்டால்கூட "எண்பது பர்சன்ட்" என்பார். சேர்ந்த அன்று உட்கார நாற்காலி காட்டுவதற்கு முன்னாலேயே, ஒவ்வொருவரையும் நியமன ஆணையை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லி போட்டோ எடுத்துக்கொண்டார்.

"ராங்க் அம்பதுக்குள்ள வந்துட்டா, உங்களை நிரந்தரமாக்கலாம்னு மேல ஒரு பேச்சு இருக்கு" என்று அன்றே சொல்லியும் வைத்தார்.

அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தினமும் முதல் ஆளாக வந்தாள். ஆனால் தாள் கைகொடுக்கவில்லை. நூற்றிருபது பெயரில் பத்தொன்பதுதான் 'ஆமாம்'. மீதியில் பாதிப் பேர் எரிந்து விழுந்தார்கள். "ஏங்க, உங்க ஆபீஸ்ல இருந்து இதோட அஞ்சாவது போன். வேலை இல்லைன்னு எத்தனை பேர்கிட்டதான் சொல்றது?" என்று ஒருவன் கத்தியே விட்டான்.

தாளைக் கொடுக்க வேண்டிய கடைசி நாள் மதியம் கடைசிப் பெயருக்கு அடித்தாள். எடுத்தது ஓர் அம்மா.

"பல்கலைக்கழகத்துல இருந்தா? வேலை விஷயமா?" அந்தக் குரல் நடுங்கியது. "குளிச்சிட்டு இருக்கான்மா. வெச்சிடாதீங்க, ஒரு நிமிஷம், வெச்சிடாதீங்க!"

கதவைப் படபடவென்று தட்டும் சத்தம். "டேய், வேலைக்குக் கூப்பிடறாங்கடா! நல்லா பேசு!" அவன் மூச்சிரைக்க, "சொல்லுங்க மேடம்" என்றான். அவள் தன் கேள்வியைக் கேட்டாள்.

"இல்லை மேடம்" என்று சொல்லிவிட்டு அவனே வைத்துவிட்டான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "பைத்தியமாடி நீ? இத்தனை 'இல்லை'யா? நான் எல்லாத்துக்கும் 'ஆமாம்' போட்டுட்டேன். ராங்க் கீழ போச்சுன்னா உன் நேர்மையா வந்து உனக்குச் சோறு போடும்?"

அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. மறுபடியும் அந்தப் பத்து மாதத்துக்குள் போய் விழ அவளால் முடியாது. பேனாவை எடுத்தாள். ஒவ்வொரு 'இல்லை'யாக அடித்து 'ஆமாம்' என்று எழுதினாள். குளித்துவிட்டு ஓடி வந்தவன் பெயரில் மட்டும் கை நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் அடித்தாள்.

தாளோடு சதவீதத்தின் அறைக்குப் போனபோது அவர் மேசை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார். ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"அந்த மூலையில போட்டுடும்மா. அப்படியே ஐடி கார்டையும் கழட்டி வெச்சிடு. இன்னையோட உங்க வேலை முடிஞ்சுது."

மூலையில் மற்றவர்களின் தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போவதற்குக் கட்டாகக் கட்டிக் கிடந்தன.

"சார், நிரந்தரம்னு சொன்னீங்களே... நான் எல்லாமே 'ஆமாம்'தான் சார் போட்டிருக்கேன்!"

"போன்ல சொன்ன ஆமாமை யாரும்மா நம்புவா? ராங்க் போடறவங்க ஆர்டர் வேணும், போட்டோ வேணும்னு கேக்கறாங்க. பட்டியல் நீங்க சேந்த அன்னிக்கே போயிடுச்சு. அம்பதுக்குள்ள வந்துடுவோம், நீ கவலைப்படாதே."

"அன்னிக்கு நாங்க ஒரு போன்கூடப் பண்ணலையே சார்! அப்புறம் வேலை கிடைச்சவங்கன்னு யாரை அனுப்பினீங்க?"

அவர் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க இருநூறு பேரைத்தாம்மா."