கையெழுத்து மட்டும் அவருடையது

"உன் பொண்ணையே எழுதிட்டு வரச் சொல்லுடி. நான் கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன்!"

குழந்தைகள் பிரிவின் பெரிய டாக்டர் இப்படிச் சொன்னதும், எதிரே உட்கார்ந்திருந்த பழைய தோழி 'நெட்டை' விழுந்து விழுந்து சிரித்தாள். வெளியே நின்ற நர்ஸ் பதறிப்போய் எட்டிப் பார்த்தாள். பெரிய டாக்டர் யாரையும் 'டி' போட்டுப் பேசி அவள் கேட்டதே இல்லை.

ஹாஸ்டலில் இருவருக்கும் ஐந்து வருடம் ஒரே அறை. அதன் பிறகு ஒருத்தி இந்த ஆஸ்பத்திரியிலேயே ரெசிடென்சி என்னும் மேற்படிப்புப் பயிற்சி முடித்து, இங்கேயே துறைத் தலைவியும் ஆகிவிட்டாள். நெட்டை கடைத்தெருவில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறாள். அவளுடைய மகள் இப்போது குழந்தை மருத்துவ ரெசிடென்சிக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் விண்ணப்பிக்கிறாள். மார்க் இருக்கிறது, ஆராய்ச்சிக் கட்டுரை கூட ஒன்று இருக்கிறது. இந்த வார்டில் இரண்டு மாதம் வேலை பார்த்ததற்குப் பெரிய டாக்டரின் பரிந்துரைக் கடிதம்தான் பாக்கி. சாயந்திரம் ஐந்து மணிக்குள் அது போய்ச் சேராவிட்டால் ஒரு வருடம் போச்சு.

"பீரங்கி ஞாபகம் வந்துடுச்சா உனக்கு?" என்றாள் நெட்டை.

"வராம இருக்குமா?"

பீரங்கி அவர்களுடைய பேராசிரியர். குரல் அப்படி. யார் போய்ப் பரிந்துரைக் கடிதம் கேட்டாலும், "எனக்கு ஏதும்மா நேரம்? நீயே எழுதிட்டு வா" என்பார். படித்துக் கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டி, மேலே முத்திரையும் குத்திக் கொடுத்துவிடுவார். தன்னைத்தானே புகழ்ந்து எழுத யாருக்குக் கை வரும்? அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, ஒருத்திக்கு இன்னொருத்தி எழுதி, அவளிடம் காட்டாமலே பீரங்கியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

"உனக்கு மூணு பக்கம் எழுதினேன்டி," என்றார் பெரிய டாக்டர். "பேப்பர் தீர்ந்துபோச்சு, இல்லன்னா இன்னும் எழுதியிருப்பேன். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில தேய்ச்சுச் சூடு பண்ணிட்டுதான் குழந்தை நெஞ்சுல வைப்பியே, அதை எழுதினேன். பதினோராம் படுக்கைக் குழந்தை யார் ஊட்டினாலும் துப்பும். நீ முதல்ல அதோட பொம்மைக்கு ஊட்டுவ, அப்புறம் அதுக்கு. அதையும் எழுதினேன்."

நெட்டை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன நாளுடி அதெல்லாம்! நமக்குன்னு இருந்த நல்ல செருப்பு ஒரே ஜோடி, அதுவும் உன்னோடது. நீ இங்க ரெசிடென்சி இண்டர்வியூ முடிச்சு வெளியே வந்து, என் முகத்தைக் கூடப் பார்க்காம கழட்டிக் கொடுத்த. நான் அதை மாட்டிக்கிட்டு லொடக்கு லொடக்குன்னு உள்ளே போனேன். என்ன கேட்டாங்க தெரியுமா? 'பதினோராம் படுக்கைக் குழந்தை இப்ப சாப்பிடுதா?' அவ்வளவுதான். 'சாப்பிடுது சார், ஆனா முதல்ல பொம்மைக்கு ஊட்டணும்'னேன். சிரிச்சுட்டுப் போகச் சொல்லிட்டாங்க. இருந்த ஒரே சீட் எனக்கு வந்துடுச்சு. நீ எனக்கு எழுதின லெட்டர்தான் அதை வாங்கிக் கொடுத்துச்சுன்னு இருபத்தெட்டு வருஷமா நம்பிக்கிட்டிருந்தேன். போன வாரம் வரைக்கும்."

நெட்டை சட்டென்று திரும்பினாள்.

பெரிய டாக்டர் மேஜை டிராயரை இழுத்து, பழுப்பேறிய ஒரு ஃபைலை எடுத்தார். "பழைய ரெக்கார்டு ரூமை இடிக்கிறாங்க. என் ஃபைல் கிடைச்சுது. நீ எழுதினதைப் படிக்கட்டுமா? 'நல்ல மாணவி. நேரத்துக்கு வருவார். பரிந்துரைக்கிறேன்.' ரெண்டே வரி. இப்ப சொல்லு, உன் பொண்ணுக்கு நான் எத்தனை வரி எழுதட்டும்?"

நெட்டையின் முகத்தில் ஈயாடவில்லை.

"பொறாமைடி," என்றாள் கடைசியில். "ஒரு சீட்டு, நாம ரெண்டு பேர். பேனா நகரவே இல்ல. எனக்கு நீ என்ன தண்டனை வேணும்னாலும் கொடு, வாங்கிக்கறேன். ஆனா அவ என்னடி பண்ணா?"

பெரிய டாக்டர் ஃபைலுக்கு அடியிலிருந்து தடிமனான ஓர் உறையை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"பிடி. நேத்தே எழுதிட்டேன். மூணு பக்கம். அவளும் ஸ்டெதஸ்கோப்பைத் தேய்ச்சுட்டுதான்டி வைக்கிறா."

நெட்டை அந்த உறையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதாள். பெரிய டாக்டர் மேஜை மேலிருந்த பஞ்சைப் பிய்த்து நீட்டினார்.

"போதும், மூக்கைத் துடை. ஒண்ணு மட்டும் எனக்கு விளங்கவே இல்ல. உன் லெட்டர் இந்த லட்சணம். மார்க்கும் உன்னைவிட எனக்குக் கம்மி. அப்புறம் எந்த அழகுல சீட்டை எனக்குத் தூக்கிக் கொடுத்தாங்க?"

நெட்டை மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ எனக்கு எழுதின மூணு பக்கத்தையும் அங்கேயே வாய்விட்டுப் படிச்சாங்கடி. 'பீரங்கி வார்டுப் பக்கம் போயே மூணு வருஷம் ஆச்சே, இதை நிஜமா எழுதினது யாரும்மா?'ன்னு கேட்டாங்க. வெளியில உட்கார்ந்திருக்கிற என் ஃப்ரெண்டுன்னேன். 'கூட இருக்கிற ஒருத்தியை இவ்வளவு உன்னிப்பா பார்க்கத் தெரிஞ்சவதான் எங்களுக்கு வேணும், நீ போய் அந்தப் பொண்ணை உள்ளே அனுப்பு'ன்னுட்டாங்க."