துரைத் தோட்டத்துச் சுற்றுவேலி

அறுபத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்க் கடன், பட்டுச் சேலை கட்டி, மடியில் ஒரு துணிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு வாடகை வானின் முன் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தது. ஏறிய பிறகுதான் கதிர்காமத்தம்பி அதைக் கண்டார். இறங்கிவிடலாமென்று திரும்பினால் வான் நகர்ந்துவிட்டது.

கடனின் பெயர் தெய்வமணி. சித்தாண்டியில் மகளோடு உரக்கடை நடத்துகிறவள். போன மாரிப் போகத்துக்கு அவளிடம் வாங்கிய உரத்துக்கும் மருந்துக்குமான காசு அது. வயலை வெள்ளம் கொண்டுபோனது. கடனை மட்டும் எந்த வெள்ளமும் கொண்டுபோகவில்லை.

அன்றிலிருந்து கதிர்காமத்தம்பி அவள் கண்ணில் படுவதில்லை. கிழமைக்கொரு தடவை மகன் கேதீசனைக் கடைக்கு அனுப்பி, "அடுத்த கிழமை" என்று சொல்லிவிட்டு வரச் சொல்வார். மகனும் முகம் சுளிக்காமல், தலை வாரி இழுத்து, அயன் பண்ணின சேட்டோடு போய்ச் சொல்லிவிட்டு வருவான். தெய்வமணியே மூன்று தரம் வீடு தேடி வந்தாள். மூன்று தரமும் அவர் பின்வளவில் வைக்கோல் குவியலுக்குப் பின்னால் கிடந்தார்.

இந்தப் பயணமும் கேதீசனின் வேலைதான். ஊர்ச் சங்கம் படுவான்கரைப் பக்கம் துரைத் தோட்டம் பார்க்கப் போகிறதாம். "அம்மா போனதுக்குப் பிறகு நீங்க வயலையும் வளவையும் விட்டு எங்க போன? ஆசனத்துக்குக் காசு கட்டிட்டன், போய்த்து வாங்கப்பா" என்று வான் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டான்.

வான் வாவியோரமாகத் திரும்பியதும் தெய்வமணியும் திரும்பினாள்.

"அண்ணன், சுகமா இரிக்கிங்களா?"

"ஓம் தங்கச்சி. இரிக்கன்."

"உங்கட மனிசி களுதாவளை ஆள்தானே. என்ன குடி?"

"பேனாச்சி குடி."

"ஆ, நல்லதாப் போச்சு" என்று அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குடி என்பது தாய்வழி வரும் வம்சம்; பிள்ளைகளுக்கும் தாயின் குடிதான். கோயிலில் குடிக்கொரு வண்ணக்கர், வழக்கு விசாரிக்க. களுதாவளை வரைக்கும் போய் மனைவியின் குடி வண்ணக்கரிடம் முறையிடப் போகிறாள் என்று கதிர்காமத்தம்பிக்கு விளங்கிவிட்டது. திருவிழாவில் சபை நடுவே பெயர் விழும். அதற்குப் பிறகு கேதீசனை எந்தப் பெண் வீட்டார் மாப்பிள்ளை கேட்டு வருவார்கள்?

துரைத் தோட்டம், நூற்றைம்பது வருடத்துக்கு முன் வெள்ளைக்காரத் துரை ஒருவர் தென்னந்தோப்புக்கு நடுவே தன் மனைவிக்காகப் போட்டது. பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி, கப்பலில் வந்த மரங்கள், ஆள் உயரத்துக்கு வேலிச் செடிகள். மற்றவர்கள் அழகு பார்த்தார்கள். கதிர்காமத்தம்பி மறைவு பார்த்தார்.

முதலில் ஒரு நாகலிங்க மரத்துக்குப் பின்னால் போய் நின்றார். "இந்தத் தோட்டத்திலயே பழைய மரம் இதுதான், எல்லாரும் கிட்ட வந்து பாருங்க" என்றான் வழிகாட்டி. எல்லோரும் வந்து மரத்தைப் பார்த்தார்கள். பின்னால் அவரையும் பார்த்தார்கள்.

"என்னண்ணன், மரத்த அளக்கிறீங்களா?" என்றாள் கூட வந்த புஸ்பம்.

"வேர் பார்க்கன்."

மத்தியானம் சோற்றுப் பார்சலைத் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப்பக்கம் குந்தியிருந்து பிரித்தார். அங்கேயும் புஸ்பம் வந்து ஒரு பொரித்த மீன் துண்டைப் போட்டாள். "தெய்வமணி குடுக்கச் சொன்ன." வெட்டுவதற்கு முதல் ஆட்டுக்குக் குழை கொடுக்கிறாள் என்று நினைத்தார். என்றாலும் தின்றார்.

கை கழுவி நிமிர்ந்தால், தெய்வமணி பொட்டலத்தோடு எதிரே வந்துகொண்டிருந்தாள். அவர் வேலிச் செடிகளுக்குள் நுழைந்தார்.

அது துரையின் பிள்ளைகள் ஒளித்து விளையாட வெட்டுவித்த சுற்றுவேலி. இடமும் வலமுமாக ஒரே பாதைகள். வழிகாட்டி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்: எந்தப் பாதையால் போனாலும் நடுவிலுள்ள கல்வாங்கிலில்தான் போய் முடியும். மூச்சு வாங்க அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது, வழி கேட்டு நேராக வந்த தெய்வமணி வாங்கிலில் உட்கார்ந்திருந்தாள்.

"இரிங்கண்ணன். இனி ஓட இடமில்ல."

இருந்தார். சேட்டுப் பையில் கிடந்த இரண்டு ஆயிரம் ரூபாய்த் தாள்களை எடுத்து நீட்டினார்.

"இப்ப இதான் இரிக்கி, தங்கச்சி. மிச்சத்தச் சிறுபோகம் வெட்டினதும் தாறன். வண்ணக்கர்ட்ட மட்டும் போயிராதீங்க. என்ட மகன்ட பேரு கெட்டுப்போகும்."

"காச நீங்களே வைங்க. அந்தக் கடன நான் எப்பயோ விட்டுட்டன்."

"எல்லாத்தையுமா?"

"அறுபத்தெட்டாயிரத்து நானூறையும்."

கதிர்காமத்தம்பிக்கு ஆறுதல் வரவில்லை, பயம்தான் கூடியது. உரக்கடைக்காரி ஒன்றை விடுகிறாள் என்றால் அதைவிடப் பெரிதாக வேறொன்றைப் பிடிக்கப்போகிறாள்.

"அப்ப என்னத்துக்கு மூணு தரம் வீட்ட வந்த நீங்க? இண்டைக்கு இந்த வானில ஏறின?"

"வீட்ட வந்தா நீங்க அம்பிடமாட்டீங்க, வைக்கலுக்குப் பின்னால கிடப்பீங்கெண்டு சொன்னது உங்கட மகன். வானில ஏத்தி விடுறனெண்டதும் அவர்தான்."

தெய்வமணி பொட்டலத்தை அவிழ்த்தாள். உள்ளே பித்தளை வட்டா. அது நிரம்ப வெற்றிலையும் பாக்கும். இரண்டு கையாலும் எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

"எங்கட குடி வேற, தோதுதான். நான் வந்தது மாப்பிள்ள கேட்டு, சம்பந்தி."